பிரேக் கோப்புக்குப் புதுச் சொந்தக்காரி

லிஃப்ட் கம்பெனியின் இரண்டாவது மாடியில் அவளுக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேராக அக்கா. முதுகுக்குப் பின்னால் போலீஸ். மற்றவர்கள் சி என்ற கணினி மொழியில் எழுதும் நிரல்கள் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. அவள் மேசைப் பக்கம் யாராவது வந்தால் ஒன்று விதியிலிருந்து விலக்குக் கேட்க வருவார்கள், இல்லாவிட்டால் அங்கேயிருக்கும் ஜன்னலைத் திறக்க வருவார்கள். ஜன்னலுக்கு வருபவர்கள் கொஞ்சம் சிரிக்கவும் செய்வார்கள்.

வீட்டில் அந்தச் சிரிப்பும் இல்லை. ஒற்றை அறை, ஒரு கட்டில், இரண்டு நாற்காலிகள். இரண்டாவது நாற்காலியில் மடிக்காத துணிகள் குடியேறி வெகுகாலமாகிவிட்டது. வெளியூரில் இருக்கும் அவளுடைய அக்கா அவ்வப்போது போன் செய்து, "இன்னும் எத்தனை நாளைக்குடி மெஷினோடவே குடும்பம் நடத்துவே?" என்று கேட்பாள். "மெஷின் எதிர்த்துப் பேசாதுக்கா" என்று இவள் சொல்வாள். அது பொய். நாள் முழுக்க அது எதிர்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் வலிய வந்து பேசுகிறவன் ஒருவன்தான். லிஃப்டின் பிரேக்குக்கான நிரலை எழுதுகிறவன் என்பதால் எல்லோருக்கும் அவன் பிரேக். அடுத்த மேசை. அவளைவிடச் சில வயது இளையவன். மாலையானால் இரண்டு டீயோடு வருவான். அவர்கள் பேச்சில் பாதி நிரலின் அடைப்புக்குறிகளைப் பற்றியது. மீதி அவன் மகளைப் பற்றியது. மனைவிக்கு வேறு ஊரில் ஆசிரியர் வேலை, குழந்தையும் அங்கேதான். மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

அந்த ஊர்க் கிளையில் ஓர் இடம் காலியாகி, அவனுக்கு மாற்றல் கிடைத்தது. மேனேஜர் ஒரு நிபந்தனை வைத்தார். உயரமான கட்டடங்களுக்கான புது மாடலை முடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்த மாதம் பிறக்கும்போது அங்கே போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

எல்லாம் முடிந்து, அவனுடைய பிரேக் கோப்பில் ஒரே ஒரு விதிமீறல் எச்சரிக்கை மட்டும் மிஞ்சியது.

விஷயம் இதுதான். லிஃப்ட் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை மில்லிமீட்டரில் வைத்திருக்கும் வேரியபிள், அதாவது மாறி, வேறொரு கோப்பில் பிறக்கிறது. பிரேக் கோப்புக்கும் அது வேண்டும். அப்படி வேண்டும்போது, 'இந்தப் பெயரில் ஒரு மாறி வெளியே இருக்கிறது, இன்ன வகை' என்று எக்ஸ்டர்ன் என்ற சொல்லைப் போட்டு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு ஒரே ஓர் இடத்தில், பொதுவான ஹெடர் கோப்பில் இருக்க வேண்டும். வேண்டியவர்கள் எல்லோரும் அந்த ஹெடரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பிரேக்கோ அதைத் தன் கோப்பிலேயே கையால் எழுதி வைத்திருந்தான்.

"அது நான் புதுசா சேர்ந்தப்ப எழுதினதுக்கா. அப்ப அந்த ஹெடர் வேற டீம் கையில இருந்துச்சு. கிட்ட போனாலே கடிப்பாங்க. ஒரு வரிதானேன்னு எழுதிட்டேன்."

"ஒரு வரிதான். அதை எடுத்துட்டு ஹெடரைச் சேர்த்துடு."

"சேர்த்தா ஃபைல் மாறினதா ஆயிடும். மாறினா பிரேக் டெஸ்ட் முழுக்க மறுபடியும். நான் போய்ச் சேர்ந்த மாதிரிதான். விலக்குல போட்டு ஒரு கையெழுத்து போட்டுடுங்களேன். இத்தனை வருஷமா ஓடுது, ஒரு லிஃப்டாவது புகார் சொல்லுச்சா?"

"பார்த்துட்டுச் சொல்றேன் தம்பி."

விலக்கு ஒன்றும் கள்ள வழியல்ல. தக்க காரணம் எழுதினால் விதிகளே அதற்கு இடம் தருகின்றன. எவ்வளவோ விலக்குகளுக்கு அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இதற்கு மட்டும் பேனா நகரவில்லை. கையெழுத்துப் போட்டால் அவன் போய்விடுவான். போடாவிட்டால் அடுத்த மேசையில் இருப்பான். தன்னைப் பிடித்து நிறுத்துவது விதியா, அந்த மேசையா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மாலை அவன் டீ கொண்டுவந்து வைத்தபோது நிமிர்ந்து பார்க்காமலே வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது காதில் விழுந்தது.

"பிரேக் போயிட்டா போலீஸுக்கு டீ குடிக்க யாரு துணை? அதான் கேஸை இழுக்குது."

"அது சரி, வாய்தா மேல வாய்தா!"

சிரித்தார்கள். பிரேக்குக்கும் அது கேட்டிருக்க வேண்டும். சிறிது நேரம் கழித்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

"அவங்க சொல்றது நிஜமில்லையேக்கா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பாள். அவன் தணிந்த குரலில் கேட்டான். இல்லை என்ற ஒரு சொல் போதும். அது அவள் வாயில் வரவில்லை.

"என் பொண்ணு என்னை யாரோ போன்ல வர்ற மாமான்னு நினைச்சுட்டிருக்கா. நேர்ல பார்த்தா அவங்க அம்மா பின்னாடி போய் ஒளிஞ்சுக்கறா. அவ்வளவுதான்க்கா சொல்லுவேன்."

அவன் எழுந்து போனதும் அவள் தீர்மானித்துவிட்டாள். போகட்டும். கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் காரணம் எழுத வேண்டுமே. இத்தனை வருஷம் ஓடியது என்பது காரணமாகாது. இரண்டு இடத்திலும் மாறி ஒரே வகையில்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது, அதனால் ஆபத்தில்லை என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதை ஒருமுறை உறுதி செய்துகொள்ள, கோப்பின் நகலை எடுத்து, அவன் எழுதிய வரியை அப்படியே விட்டு, அதற்கு மேலே ஹெடரைச் சேர்த்தாள். நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலரில் ஓட்டினாள்.

கம்பைலர் மறுத்தது. ஒரே பெயருக்கு இரண்டு வகை என்றது.

ஹெடரில் அந்த மாறிக்கு முப்பத்திரண்டு பிட் இடம். பிரேக்கின் வரியில் பதினாறு பிட்.

தன் கண்ணில்தான் கோளாறோ என்று திரும்பப் படித்தாள். பிறகு எட்டி அவன் தோளைத் தட்டினாள். அவன் வந்து திரையைப் பார்த்தான்.

"நான் எழுதினப்ப ஹெடர்லயும் பதினாறுதான்க்கா இருந்துச்சு."

"தெரியும். பெரிய கட்டடத்துக்காக அப்புறம் யாரோ மாத்தியிருக்காங்க. உன் வரியை அவங்க பார்க்கலை. அப்படி ஒண்ணு இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கும். கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் லிங்கர் பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்று விட்டுவிடும், வகையைக் கேட்காது. பதினாறு பிட்டில் அறுபத்தைந்து மீட்டருக்குச் சற்று மேல்வரைதான் அடங்கும். அதைத் தாண்டினால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கம்பெனியின் சோதனைக் கோபுரம் நாற்பது மீட்டர். அதில் எத்தனை தடவை ஓட்டினாலும் இந்தப் பிழை தலைகாட்டாது. புதுக் கட்டடமோ தொண்ணூறு.

"அப்ப உச்சிக்குப் போறப்ப பிரேக் என்ன நினைச்சுக்கும்?" என்று அவனே கேட்டு அவனே சொன்னான். "இருபத்தி நாலு மீட்டர்ல இருக்கோம், இன்னும் தூரம் கிடக்குன்னு நினைச்சுக்கும். வேகத்தைக் குறைக்காது."

வேறு பாதுகாப்பு ஏற்பாடுகளும் லிஃப்டில் உண்டு என்று அவள் சொல்ல நினைத்தாள். அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் அவன் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"நான் போகலைக்கா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?"

அவள் ஆசைப்பட்ட வாக்கியம் அதுதான். கேட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

மேனேஜர் அறைக்கு இருவருமாகப் போனார்கள். விஷயத்தைக் கேட்ட அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்ப ஆளை விட முடியாது. ஃபைலுக்குச் சொந்தக்காரர்தான் திருத்தி, டெஸ்ட் முடியற வரைக்கும் கூட நிக்கணும். அதானே நடைமுறை?"

"சொந்தக்காரரை மாத்துங்க சார். என் பேரைப் போடுங்க" என்றாள் அவள்.

"நீங்களா? சரிபார்க்கிறவங்களே எழுதக் கூடாதே."

"சரிபார்க்கிற வேலையை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க. நான் எழுதறேன்."

"உங்க ஃபைலைச் சரிபார்க்க எவன் வருவான்? ரெண்டாவது மாடியே லீவு போட்டுடும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர்கள் சிரிக்கவில்லை என்றதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி, எழுதிக் கொடுங்க. உங்க இஷ்டம்."

வெளியே வந்ததும் பிரேக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "டிக்கெட் போடு போ" என்று அவள் தன் இடத்துக்கு நடந்துவிட்டாள்.

அவன் கிளம்பும் நாளில் இரண்டாவது மாடி முழுவதும் அவனைச் சூழ்ந்துகொண்டது. கடைசியில் அவளிடம் வந்தான்.

"வீட்டுக்கு ஒரு தடவை வாங்கக்கா. பொண்ணைக் காட்டறேன்."

"வரேன் தம்பி."

சரிபார்க்கும் மேசைக்கு மூன்றாவது மாடியிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவள் பிரேக்கின் மேசைக்கு மாறினாள். கையால் எழுதிய வரியை நீக்கி, ஹெடரைச் சேர்த்து, அந்த மாறியைத் தொடும் ஒவ்வோர் இடத்தையும் பார்த்துத் திருத்தினாள். புதியவர் அவளிடம் கேள்விகளைத் தாளில் எழுதி அனுப்பினார். அவள் பதிலையும் தாளிலேயே எழுதி அனுப்பினாள். நாள்கணக்கில் வாயைத் திறக்கத் தேவையே வரவில்லை.

சோதனைக் கோபுரத்தில் லிஃப்டை ஓட்டுகிறவர் தலை நரைத்த, பேச்சுக்கு அலைகிற மனிதர். கோபுரத்துக்கு உயரம் பத்தாததால், அடித்தளத்தையே ஐம்பது மீட்டர் என்று எண்ணிக்கொள்ளும்படி அளவீட்டில் அவள் மாற்றம் செய்திருந்தாள்.

"பாருங்க மேடம், நிக்கிறது தரையில. நினைப்பு மட்டும் அம்பது மீட்டர்ல. எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரி" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தார்.

லிஃப்ட் ஏறியது. திரையில் எண் அறுபத்தைந்து மீட்டரைத் தாண்டி, திரும்பாமல் மேலேயே போனது. உச்சி நெருங்கியதும் வேகம் குறைந்தது. தளத்தின் விளிம்புக்கு நேராக, ஒரு விரல்கூடத் தள்ளாமல் நின்றது.

அவள் போனை எடுத்து பிரேக்குக்கு, 'சரியா நின்னுது' என்று அனுப்பினாள். உடனே ஒரு படம் வந்தது. அவன் தோள்மேல் குழந்தை, அவன் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு வரி: 'இப்ப ஒளியறதில்லைக்கா.'

படத்தை இன்னொருமுறை பார்த்துவிட்டுப் போனைப் பையில் போட்டாள்.

"என்ன மேடம், நல்ல சேதியா?"

"ஆமாண்ணே. இறக்கிட்டு இன்னொரு தடவை ஏத்துங்க. இந்தத் தடவை பாரம் வச்சு."