அசையாத புள்ளி

ஜோவெலினை ஊரில் புள்ளிக்காரி என்றுதான் சொல்வார்கள். சாமார் தீவின் கிழக்குக் கரையில் காபுலிகன் என்ற மீனவர் ஊரில் பிறந்து, கணக்கு படித்து, நகரத்தில் பேரிடர் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவள். என்ன வேலை என்று கேட்டால், "கம்ப்யூட்டருக்குள்ள நம்ம ஊரை வச்சு, அதுமேல புயலை விட்டுப் பாக்குறேன்" என்பாள். "ஏன்டி, வருஷா வருஷம் வர்ற புயல் பத்தலையா உனக்கு?" என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவளிடம் பதில் இருந்தது. பொறுமைதான் இருந்ததில்லை.

அம்மா, அவள் பள்ளிக்கூடம் சேரும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். வளர்த்ததெல்லாம் அப்பா கிரிஸந்தோ. மீன் பிடித்தார், சோறு பொங்கினார், மகளுக்குத் தலை பின்னிவிட்டார். பின்னல் எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். வகுப்பில் சிரித்தாலும் அவள் அதை அவிழ்த்துப் பின்னியதில்லை. அப்பா மனசு நோகும் என்று அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. பெரியவளாகியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது துருவினால், "ஒரு ஊரையே கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன், இதுல புருஷன் வேறயா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. கணினித் திரையில் காபுலிகனின் சந்துகள், பாலம், மேட்டுப் பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. காற்று ஏறும்போது எந்தப் புள்ளி எப்போது வீட்டை விட்டுக் கிளம்பும், எங்கே முட்டிக்கொண்டு நிற்கும் என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். போன பெரும்புயலில் எல்லோரும் கடைசி நேரத்தில் ஒன்றாகக் கிளம்பி, பாலத்தில் நெரிந்து, பின்னாலேயே கடல் வந்துவிட்டது. அன்று போனவர்களின் பெயர்களை இன்றும் தேவாலயத்தில் பூசையில் வாசிக்கிறார்கள். மறுபடி அந்தப் பட்டியல் நீளக்கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் புள்ளிகள் மனிதர்கள் மாதிரி நடக்கவேண்டுமே. முதலில் அவள் போட்ட கணக்கில் ஒலிபெருக்கி கத்தியதும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். ஊர்த்தலைவி கேப்டன் ஃபெலிசா அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"இது எந்த ஊருடி? ஜப்பானா? நம்ம ஆம்பளைங்க சேவலை விட்டுட்டு எந்தக் காலத்துல கிளம்பினானுங்க?"

உண்மைதான். பெண்டாட்டி பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சண்டைச்சேவலைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். தண்ணீர் ஏறியதும் பெண்கள் அவர்களைத் தேடித் திரும்பி வருவார்கள். பாலத்தில் போகிறவளும் வருகிறவளும் மோதிக்கொள்வது அப்போதுதான். சரி, பள்ளிக்கூடத்துக்குச் சேவலையும் கொண்டு வரலாம் என்று சொல்லி ஒத்திகை வைத்தார்கள். ஆண்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். எல்லாச் சேவல்களையும் ஒரே வகுப்பறையில், ஒன்றையொன்று பார்க்கும்படி கட்டிவிட்டார்கள். அப்புறம் கேட்கவா வேண்டும்? இறகு பறந்தது, ரத்தம் தெறித்தது, கொஞ்ச நேரத்தில் பந்தயமும் தொடங்கிவிட்டது. பேரிடர் ஒத்திகை சேவல் சண்டையாக முடிந்த ஊர் காபுலிகன் ஒன்றாகத்தான் இருக்கும். ஜோவெலின் தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த தடவைக்கு நடுவில் தொங்கவிடத் துணித்தட்டிகள் வாங்கினாள்.

பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டாள். "எதைப் பாத்து நீங்க கிளம்புவீங்க?"

"பக்கத்து வீட்டுக்காரன் கிளம்பட்டும், நாம மட்டும் மொதல்ல ஓடினா கேலி பண்ணுவானுங்க" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரன் அதற்கு அடுத்த வீட்டைக் காட்டினான். இப்படியே சந்து சந்தாகக் கடற்கரை வரைக்கும் இறங்கிப் போனால், கடைசி வீட்டுக்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "மானோ கிரிஸந்தோ கிளம்பட்டும், பாப்போம்." வயதில் மூத்தவர்களை அங்கே மானோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஊர் முழுக்கச் சுற்றி அவள் வந்து நின்றது சொந்த அப்பா வீட்டு வாசலில்.

கிரிஸந்தோ எந்தப் புயலுக்கும் கிளம்பியதில்லை. அவர் வீடு பாறைமேட்டில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் தப்பியது. அதனாலேயே ஊர் அவரைப் பார்த்துத்தான் கடலைப் புரிந்துகொண்டது. ஆனால் அடுத்த பெரிய அலை அந்தப் பாறைக்கு மேலே ஏறும் என்று ஜோவெலினின் கணக்கு சொன்னது.

அன்று மத்தியானம் அடுப்படியில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, சேவலின் காலை எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தார்.

"இதுல நான் எது, இண்டாய்?" மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். திரையில் கடல் கறுத்து உள்ளே வந்தது. அந்தப் புள்ளி அப்படியே இருந்தது. அதைப் பார்த்துப் பக்கத்துப் புள்ளிகளும் இருந்தன.

"நான் ஏன் நகரவே மாட்டேங்குறேன்?"

"நீங்க நகர மாட்டீங்க, அப்பா. எனக்குத் தெரியும்."

"திரும்ப ஓட்டு."

ஓட்டினாள். மறுபடியும் அதேதான். அவர் திரையை நெருங்கிப் பார்த்தார். "இது பெனிட்டோ வீடுதானே? அவன் பொண்டாட்டி மாசமா இருக்காளே."

"ஆமாப்பா."

"என் புள்ளியை நீயே மாத்தி எழுதிட்டா என்ன? ஒரு எழுத்துதானே?"

"எழுதினா எல்லாரும் பொழைச்சுக்குறாங்க. ஆனா கம்ப்யூட்டருக்குள்ளதான் பொழைப்பாங்க. அது பொய்க்கணக்குப்பா." அவள் மடிக்கணினியை மூடினாள். "உங்களைப் பத்தி நான் எப்படிப் பொய் எழுதுறது?"

கிரிஸந்தோ எழுந்தார். சேவலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இனிமேல் இதைப் பற்றிப் பேச்சில்லை என்று அர்த்தம். அவளுக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. கோபத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது.

நவம்பரில் புயல் வருகிறது என்று வானொலி சொன்னது. புயலுக்கு முந்தின நாள் வானம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது, கடலில் சுருக்கம்கூட இல்லை. கேப்டன் ஃபெலிசா ஒலிபெருக்கியில் தொண்டை கிழியக் கத்தியும் யாரும் அசையவில்லை. ஜோவெலின் பள்ளிக்கூடத்தில் துணித்தட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணக்குப்படி இது இப்படித்தான் முடியவேண்டும். எப்படி முடியும் என்று தெரிந்துகொண்டே தட்டி கட்டுவது கொடுமை.

அப்போது கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என்ன மானோ, வெயிலுக்குப் பயந்தா ஓடுறீங்க?"

"கெழவருக்கே தொடை நடுங்கிப்போச்சுடா!"

சுட்டெரிக்கும் வெயிலில், சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அரிசிப் பானையை மறு கையில் தூக்கிக்கொண்டு, சந்தின் நடுவில் கிரிஸந்தோ நடந்து வந்துகொண்டிருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. கேலி இரண்டு மூன்று வீடுகள் வரைக்கும்தான் கூட வந்தது. பிறகு பெனிட்டோ வாயை மூடிக்கொண்டு கடலைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே போய்ப் பெண்டாட்டியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான். அடுத்த கதவு திறந்தது. அதற்கடுத்ததும் திறந்தது.

பாலத்தை எல்லோரும் நடந்தே கடந்தார்கள். ஓட வேண்டியிருக்கவில்லை.

புயல் அடித்து ஓய்ந்து விடிந்தபோது பாறைமேட்டில் வீடு இல்லை. கடற்கரைச் சந்தே இல்லை. வகுப்பறையில் கேப்டன் ஃபெலிசா தலைகளை எண்ணி முடித்துவிட்டு, குழந்தை மாதிரி அழுதாள். ஒருவரும் குறையவில்லை. ஜோவெலினின் வாழ்நாளில் அவ்வளவு மோசமாகத் தப்பாய்ப்போன கணக்கு வேறு கிடையாது. அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதும் கிடையாது.

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கடலைப் பாத்தா ஏதாவது தெரிஞ்சுதா, அப்பா?"

"ஒண்ணும் தெரியல. நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் கிளம்பினீங்க?"

அவர் சேவலின் கழுத்தைத் தடவினார்.

"பயந்துட்டேன் இண்டாய்."

"அலைக்கா?"

"அலையைப் பாக்காத ஆளா நான்?" என்றார். "நான் போனப்புறமும் நீ அந்த டப்பாவைத் தொறந்து வச்சுக்கிட்டு, எங்கப்பா இந்தத் தடவையாச்சும் எழுந்திரிக்கிறாரான்னு திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்துட்டே உக்காந்திருப்ப. அதுக்குத்தான்."