பூஜைக்கு நிறுத்திய குளிர்பெட்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தப்பு நடந்தால் முதலில் அடுத்தவரைத்தான் தேடுவேன்.

கோயம்புத்தூரில் பட்டுப்புழு முட்டைகளின் உறக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். குளிர்காலத்தைக் கடக்கச் சில முட்டைகள் வளராமல் மாதக்கணக்கில் உறங்கும். அதைத் தீர்மானிப்பது தாய்ப்பூச்சி. அதுவும், தான் முட்டையாக இருந்தபோது பட்ட சூட்டை வைத்து. குளிரில் வைத்த முட்டையிலிருந்து வரும் பூச்சி உறங்காத முட்டை இடும். அது மஞ்சளாகவே இருக்கும். சூட்டில் வைத்ததிலிருந்து வருவது உறங்கும் முட்டை இடும். அது இரண்டே நாளில் கருக்கும். சூடு பட்டவற்றில், பின்னால் கூட்டுக்குள் இருக்கும்போது, ஒரு மரபணு ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. அந்த மரபணுவை இரண்டு கூட்டத்திலும் அளந்து ஒப்பிட்டால் என் ஆய்வேடு முடியும். ஏற்கெனவே இரண்டு தடவை சொதப்பியிருந்தேன். இதுவும் போனால் இன்னும் ஆறு மாதம்.

குளிர் கூட்டத்து முட்டைகளைப் பதினைந்து டிகிரி குளிர்பெட்டியில் வைத்தேன். ஆயுத பூஜை வந்தது. என் அப்பாவுக்கு லேத் பட்டறை. பூஜையன்று எந்த மிஷினும் ஓடக்கூடாது என்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. ஆய்வகத்தில் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அந்தப் பெட்டியையும் என் கையாலேயே நிறுத்தினேன். விடுமுறை சேர்ந்து வந்ததால் நாலாம் நாள்தான் கற்பூரம் காட்டி மறுபடி ஓடவிட்டேன். முட்டைகள் குறித்த நாளுக்கு முன்பே பொரிந்தன. என் கைராசி என்று பீற்றிக்கொண்டேன்.

புழு வளர்ந்து, கூடு கட்டி, பூச்சியாகி முட்டையிட்டது. மூன்றாம் நாள் பார்த்தால், மஞ்சளாக இருக்கவேண்டிய அத்தனையும் கருப்பு. உடனே எங்களுக்கு மல்பெரி இலை தரும் கோபிசெட்டிபாளையத்து விவசாயியைப் போனில் பிடித்து, இலையில் மருந்து அடித்தீர்களா என்று கத்தினேன்.

"ஏனுங்க அம்மணி, மருந்து அடிச்சிருந்தா புழு அன்னைக்கே செத்துப்போயிருக்குமுங்களே? முட்டைய மொதல்ல எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியை நிறுத்தியதே நான்தான். மின்தடை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியையிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்தப் பொட்டிக்கு மாலை போட்டது நானுங்க அம்மணி. போட்டோ வேற எடுத்தேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"சூடு பட்டா தூங்குற முட்ட இடும்னு நீங்கதான எழுதுனீங்க? நாலு நாள் சூட்டுக்கே இட்டுப்போட்டுது. ஆராய்ச்சி சரிதானுங்க. ஆளுக ரெண்டு பேருந்தான் சரியில்லீங்க. மொதல்லிருந்து ஆரம்பிங்க, நானும் வாரேன்."

வெளியே வந்ததும் முதலில் கோபிசெட்டிபாளையத்து விவசாயிக்குத்தான் போன் செய்தேன்: மன்னிப்புக் கேட்க, அப்படியே இன்னும் ஆறு மாதத்துக்கு இலையும் கேட்க.