முகம் சுளித்துக் குடித்த கறுப்பு பீர்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்குக் கறுப்பு பீர் கொடுப்பது வழக்கம். ரத்தம் ஊறும், பால் சுரக்கும் என்று நம்பினோம். பத்தியச் சாப்பாட்டோடு ஒரு தம்ளர் உள்ளே போனால் யாரும் அவளைக் குடிகாரி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தது ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில். பக்கத்து ஊர் பீடோங் கடைத்தெருவில் உப்புக்கே வழியில்லை, பீருக்கு எங்கே போவது?

என் வீட்டுக்காரர் பெரிய துரை பங்களாவில் சமையல்காரர். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார். மிச்சமிருந்த கறுப்பு பீரையெல்லாம் இவர் துரையின் காலி பிராந்திப் பீப்பாயில் ஊற்றி அடைத்து, கூலிகளுக்குக் கட்டிய லயத்து வரிசையில் எங்கள் வீட்டில் விறகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். போத்தலாக இருந்தால் சிப்பாய்கள் கண்டுபிடித்துவிடுவார்களாம். அப்போது நான் முழுகாமல்கூட இல்லை. இவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒரு வருஷத்துக்கு மேல் அதைத் திறக்கவே இல்லை. இத்தனைக்கும் கள்ளுக்கடைப் பக்கம் போகாத ஆளும் இல்லை.

மகன் பிறந்தான். மரவள்ளிக்கிழங்கு தின்ற உடம்பில் பால் எங்கிருந்து வரும்? சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுவான். பிறகு அழவும் தெம்பில்லாமல் போனான். பயந்துபோய் இவர் பீப்பாயை உருட்டி எடுத்து, தக்கையைப் பிடுங்கி, ஒரு தம்ளர் பிடித்தார். அந்த நேரம் பார்த்து, பதுக்கிய அரிசியைத் தேடி வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்த ஜப்பான் அதிகாரி எங்கள் வாசலில் வந்து நின்றான்.

துரை பங்களாப் பொருளெல்லாம் ராணுவத்துக்குச் சொந்தம். தெரிந்தால் பீப்பாய் போகும். இவரையும் ரயில் பாதை போடச் சயாமுக்கு ஏற்றிவிடுவார்கள். அப்படிப் போனவர்கள் யாரும் அதுவரை திரும்பவில்லை.

"ஆப்பா இனி?" என்றான். என்ன இது என்று மலாயில் கேட்கிறான்.

இவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான்தான் பிள்ளையை அணைத்துக்கொண்டு, "ஊபாட், துவான்" என்றேன். மருந்து, ஐயா.

அவன் தம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினான். குடி என்று சைகை காட்டினான்.

குடித்தேன். நுரையே இல்லை. கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியாக நாக்கில் ஏறியது. முதலில் தீய்ந்த காப்பிக்கொட்டைக் கசப்பு, அடுத்து பழைய மரவாசனை, பிறகு பிராந்தியின் சூடு தொண்டையில் இறங்கி வயிற்றில் போய் உட்கார்ந்தது. கிழங்கைத் தவிர வேறு ருசியே மறந்துபோன வாய்க்கு அது அமிர்தம். சிரித்துவிடுவேன் போலிருந்தது. சிரித்திருந்தால் எங்கள் கதை முடிந்தது. வேப்பெண்ணெய் குடித்தவள் போலக் கண்ணை இறுக்கி, வாயைக் கோணி, உடம்பைக் குலுக்கிக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தேன். என் முகத்தைப் பார்த்த அதிகாரி, பீப்பாயை முகர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்குப் போனான். நான் கூத்து மேடை ஏறியவள் இல்லை. ஆனால் அன்றைக்கு என்னை மிஞ்ச ஆளில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

திரும்பிப் பார்த்தால் இவர் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர்.

"கெட்டுப் போச்சா புள்ள? நான் சரியா மூடலையோ?"

"ஏங்க, உங்களுக்குக்கூடவா தெரியல? நடிச்சேன் லா! இந்தாங்க, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

குடித்தார். "ஆத்தாடி!" என்று கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் ஊற்றப் போனேன். என் கையைத் தடுத்து, தக்கையை அழுத்தி அடைத்து, மகனைக் காட்டினார்.

"வேணாம் புள்ள. இது அவனோடது."

தினம் ஒரு தம்ளர் குடித்தேன். பால் இறங்கியது. பீரால் பால் ஊறாது என்று பின்னாளில் ஒரு நர்ஸ் எனக்குப் பாடம் எடுத்தாள். எடுக்கட்டும். அந்த வருஷம் எங்கள் லயத்தில் பிறந்த பிள்ளைகளில், எழுந்து நடந்தவன் என் மகன் ஒருவன்தான்.