கொஞ்சம் குண்டா போடுடி

எம் பொண்ணு படுத்த காயிதம் அது. கடையில வாங்கின காயிதம் இல்ல. மளிகைக் கடையில வருசா வருசம் பெரிய மாசக் காலண்டர் குடுப்பாங்களே, அத்தக் கிழிச்சி, பின்பக்கம் வெள்ளையா இருக்கறத மேல வச்சி, மைதாவக் காய்ச்சி ஒட்டி ஒட்டி ஒரு பாய் அளவுக்குப் பண்ணியிருந்தாங்க பேத்திங்க ரெண்டு பேரும். எங்க வூட்டு ஸ்கூலு அதான்.

திண்டிவனத்துல ரயிலடிக்கு அந்தாண்ட எங்க வூடு. பெரிய பேத்திய மொதல்ல ஸ்கூல்லதான் சேர்த்தோம். வேன் ஆரன் சத்தம் கேட்டாலே வாந்தி எடுப்பா. எம் பொண்ணு டீச்சருக்குப் படிச்சவ. கொஞ்ச நாள் பார்த்தா, அப்பால போதும்னு நிறுத்திட்டு வூட்லயே வச்சி சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிட்டா. சின்னவ ஸ்கூல் வாசலையே மிதிக்கல. எதுத்த வூட்டம்மா எங்கிட்டயே கேட்டுச்சி, "இன்னா பெரியவரே, பேத்திங்களையும் உன்னாட்டம் கைநாட்டு ஆக்கப் போறியா"ன்னு. அது சொன்னதுல பொய்யி இல்ல. நான் கெடார் பக்கத்துல பொறந்தவன், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை தூக்கியே வயசு போச்சி, கையெழுத்து கூட வராது. இத்தக்கூட போன்ல பேசிக்கினுதான் இருக்கேன், அதுவே எழுதிக்குதாம். எதுத்த வூட்டம்மா கேட்டத எம் பொண்ணுகிட்ட சொன்னா, அவ சிரிக்கிறா. "யப்பா, நீயும் வந்து உட்காரு, உனக்கும் இதான் ஒண்ணாங்கிளாஸு"ன்னா. உட்கார்ந்தேன். வெண்டைக்காய வெட்டி கலர்ல தொட்டு பூ அச்சு போட்டோம். மல்லாட்டைத் தொலிய ஒட்டி ஆமை பண்ணோம். மரக்காணம் கடலுக்குப் போயி கிளிஞ்சல் பொறுக்கினு வந்து அதுல ஒரு மீனு. நான் கலர் அடிச்சா கோட்ட உட்டு வெளிய போவும், சின்னவ தலையில அடிச்சிக்குவா.

இன்னொண்ணு சொல்லணும், அத்தச் சொல்லலன்னா மத்தது புரியாது. எங்க ஊரு அம்மன் கோயில் திருவிழாவுல கடசியில படுகளம் நடக்கும். மண்ணாலயே பெரிய ராஜா ஒருத்தர மல்லாக்க படுக்க வச்சிருப்பாங்க, அவரு கால் கட்டவெரல் ஒண்ணு என் ஒசரம் இருக்கும். சுத்திலும் சாமி வந்த ஆளுங்க செத்த பொணமாட்டம் படுத்துக்கினு இருப்பாங்க, மேல வெள்ளத்துணி போத்தியிருக்கும். அப்பால பூசாரி மஞ்சத்தண்ணி தெளிச்சிக்கினு வருவாரு. தண்ணி பட்டதும் ஒவ்வொருத்தரா எழுந்து உட்காருவாங்க. ஜனங்க அழும், பொம்பளைங்க கொலவ போடுவாங்க. நான் சின்ன வயசுலேர்ந்து பாக்கறது, எனக்கே ஒடம்பு சிலிர்க்கும்.

பேத்திங்களக் கூட்டினு போறேன்னதும் எம் பொண்ணு, நல்லா பார்த்துக்கினு வாங்க, வந்து செய்யலாம்னு சொல்லி அனுப்பினா. வந்து செஞ்சாங்க. தோட்டத்துல பைப்படிகிட்ட சேத்துல ஒரு ராஜா. மீசைக்கி தொடப்பக்குச்சி. சுத்திலும் பொம்மைங்களப் படுக்க வச்சி, மேல என் கைக்குட்டையப் போத்தி, சின்னவ டம்ளர்ல மஞ்சத்தண்ணி கலக்கினு வந்து தெளிச்சி, தெளிச்சதும் அவளே ஒண்ணொண்ணா எடுத்து நிறுத்தினா. அத்த நாங்க கைதட்டி பார்த்தோம். பெத்தவளும் வாசப்படியில நின்னு பார்த்தா. அப்பவே அவளுக்கு வயித்து வலி இருந்திருக்கு, எங்ககிட்ட சொல்லல.

வயித்துல கட்டின்னாங்க. பாண்டி ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்குமா அலைஞ்சோம். மருந்து ஏத்தினு வந்தா ரெண்டு நாளு தலைய தூக்க முடியாது அவளால. அப்படி படுத்துக்கினு இருக்கறப்பதான் இந்த காயிதம் வந்துச்சி. உட்கார முடியாது, படுத்துக்கினே இன்னா செய்யலாம்னு யோசிச்சிருக்கா. காயிதத்தத் தரையில விரிச்சி, அதுமேல போயி கைய கால அகட்டிப் படுத்துக்கினு, சுத்தி கோடு போடுங்கன்னுட்டா. பெரியவ ஸ்கெட்ச் பேனா எடுத்துக்கினு தோள்லேர்ந்து ஆரம்பிச்சா. சின்னவ பாதத்துல கிச்சுகிச்சு மூட்டறா.

"கொஞ்சம் குண்டா போடுடி"ன்னா எம் பொண்ணு. "இப்ப இருக்கறாப்பல போட்டா குச்சியாட்டம் இருக்கும்."

பெரியவ சரின்னு ஒடம்ப உட்டு ஒரு வெரக்கட தள்ளித் தள்ளிப் போட்டுக்கினு போனா. அப்பால மூணு பேரும் பொடவைக்கு கலர் அடிச்சாங்க. மயில்கழுத்து கலரு. வளையல் போட்டாங்க, கொலுசு போட்டாங்க. மொகத்துக்கு வந்ததும் அவளுக்கு மூச்சு வாங்குச்சி. மொகத்த கடசியா போட்டுக்கலாம், ஜல்தியா ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கினா.

மொகம் போடறதுக்குள்ள போயிட்டா.

பொடவைய மறைப்பா புடிச்சிக்கினு பொம்பளைங்க அவளக் குளிப்பாட்டினாங்க. புருசன் இருக்க போனவ இல்லையா, மஞ்ச கரைச்சி கரைச்சி ஊத்தினாங்க. சின்னவ அந்த மறைப்புக்கு அடியில குனிஞ்சி பார்த்துக்கினு இருந்தா. நாந்தான் தூக்கினு வந்தேன். அவ அழல. வாசல் பக்கமே பார்த்துக்கினு இருந்தா. அவங்க அம்மாவத் தூக்கினு போறப்பகூட அழல. கொழந்தைக்கு இன்னா தெரியும்னு எல்லாரும் பேசிக்கினாங்க.

மாப்பிளைக்கு விழுப்புரத்துல லேத் பட்டறையில வேலை. தெனமும் பஸ்ல போயி வந்துக்கினு இருந்தவரு. நல்ல மனுசன், அவரக் கொற சொல்ல எனக்கு வாய் வராது. இனிமே பொண்ணுங்கள யாரு பாத்துப்பாங்க, எங்க அக்கா வூடு விழுப்புரத்துல இருக்கு, அங்கயே ஸ்கூல்ல சேர்த்துடறேன் மாமான்னாரு. நான் வச்சி சொல்லிக் குடுக்கவா முடியும். எனக்கு ஒண்ணாங்கிளாஸே முடியல. பெரியவ துணிய எடுத்து வச்சா. சின்னவதான் பேஜாரு பண்ணிக்கினு இருந்தா. வரமாட்டேங்கறா. ஏம்மான்னா, "அம்மா எழுந்தப்புறம் வர்றேன்"ங்கறா. சாமிகிட்ட போயிட்டாம்மான்னு அவங்க அத்தை சொல்லிப் பார்த்தாங்க. அதுக்கும் அதே பேச்சு.

மாப்பிளையோட கூட்டாளிங்க தெருமொனையில கண்ணீர் அஞ்சலின்னு பேனர் கட்டியிருந்தாங்க. அவ மொகம் பெருசா, செவப்பா, ஒதட்டுல சாயம் பூசினாப்பல. காரியம் முடிஞ்சி பேனர அவுத்துக்கினு வந்தப்ப, அந்த மொகத்த வெட்டி காயிதத்துல ஒட்டிடலாமான்னு பெரியவ கேட்டா. சின்னவ கிட்ட போயி பார்த்துட்டு, இது யாரோன்னுட்டா. அதோட உட்டுட்டாங்க.

கெளம்பறதுக்கு மொத நாளு. நான் கடைக்குப் போயிட்டு வர்றேன், உள்ள பெரியவ கத்தற சத்தம் கேக்குது. சத்தமா பேசாத பொண்ணு. போயி பார்த்தா, காயிதத்த நடு வூட்ல விரிச்சி, என் கைக்குட்டைய மேல போத்தி, சின்னவ ஒரு சொம்பு மஞ்சத்தண்ணியத் தெளிச்சிருக்கா. தெளிச்சி பார்த்து எழுந்துக்கலன்னதும் மிச்சத்த ஊத்தியும் இருக்கா. ஸ்கெட்ச் பேனா கோடெல்லாம் கரைஞ்சி ஓடுது. மைதா ஊறி ஒட்டு உட்டுப் போச்சி. கை ஒரு தாள்ல தனியா, கொலுசுக் காலு ஒரு தாள்ல தனியா கெடக்குது. பெரியவ அவள முதுகுலயே போட்டு அடிக்கிறா.

நான் பிரிச்சி உட்டு சின்னவள மடியில வச்சிக்கினேன். ஏம்மா இப்படி பண்ணேன்னேன்.

"அம்மா அன்னிக்கே எழுந்திருக்கும் தாத்தா"ன்னா. "மஞ்சத்தண்ணி ஊத்தினாங்க இல்ல? நீங்கல்லாம் அவசரமா தூக்கினு போயிட்டீங்க. கொஞ்ச நேரம் கூட உடல."

அத்தனை நாளும் இந்தக் கொழந்த இதத்தான் மனசுல வச்சிக்கினு எங்க மூஞ்சியப் பார்த்துக்கினு இருந்திருக்கு.

சாயந்திரம் பெரியவளே மைதா காய்ச்சினா. மிச்சம் இருந்த காலண்டர் தாளுங்கள ஒட்டினா. பழசப் பார்த்து கோடு போடலாம்னா பழசுல கோடு எங்க இருக்கு, மஞ்சக் கறைதான் இருக்கு. பேனாவ வச்சிக்கினு உட்கார்ந்திருந்தா. எம் பொண்ணு என் ஒசரம். சின்ன வயசுலேர்ந்து அப்பனாட்டமே வளந்துட்டான்னு சொல்லுவாங்க. அதனால நான் போயி படுத்தேன். கைய கால அகட்டிக்கினு, அவ படுத்தாப்பலயே.

பெரியவ பேனா மூடியத் தொறந்தா. தோள்லேர்ந்து ஆரம்பிச்சா. பேனா காதுகிட்ட வர்றப்ப கர்ருகர்ருன்னு சத்தம். ஒடம்ப உட்டு ஒரு வெரக்கட தள்ளித்தான் போட்டா, யாரும் சொல்லல, அவளேதான். நான் கண்ண மூடிக்கினேன். முதுகுக்கு அடியில மைதா ஈரம். எனக்கு எழுந்துக்கவே தோணல. அப்படியே இருந்துட்டா நல்லா இருக்கும்னு இருந்துச்சி, வயசான எனக்குத்தானே அது வந்திருக்கணும்.

மொகத்துல சில்லுன்னு பட்டுச்சி. மஞ்ச வாசன.

"எழுந்திரு தாத்தா"ன்னா சின்னவ.

நான் அசையல. பேனா நின்னு போச்சி. இன்னொரு வாட்டி தெளிச்சா. "நீயாச்சும் எழுந்திரு"ன்னா.

கைய ஊனி, முட்டி ரெண்டும் கடகடன்னு சொல்ல, எழுந்து உட்கார்ந்தேன். அவ என்னப் பார்த்தா. நான் படுத்த எடத்தப் பார்த்தா. பாவாடைய எடுத்து என் மொகத்தத் தொடைச்சி உட்டா.

"அம்மா எழுந்துக்காது இல்ல?"

"எழுந்துக்காதும்மா"ன்னேன்.

அப்பதான் அழுதா. அவங்க அக்காதான் கட்டிக்கினா, அடிச்ச கையாலயே முதுகத் தடவிக்கினு.

மறுநாள் காலையில விழுப்புரம் பஸ்ஸு ஏத்தி உட்டேன். சின்னவ செருப்ப அவளே போட்டுக்கினு நடந்தா. கூட்டத்துல கசங்கிப் போவும்னு காயிதத்த எங்கிட்டயே உட்டுட்டாங்க. சுருட்டி பரண்மேல வச்சிருக்கேன். எப்பனா எடுத்து விரிப்பேன். மொகம் இன்னும் போடல. கலரும் அடிக்கல, கோடு மட்டுந்தான். அது என் ஒடம்பா அவ ஒடம்பான்னு எனக்கே தெரியல. ரெண்டு பேருக்குமே அது கொஞ்சம் குண்டுதான்.