கையில் ஒட்டிய வேர்ப்பால்

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பைபோல இருக்கும். தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். பிழைகளைப் பொறுத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன், பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிறு காலை. ஆயர் தாவாரில் என் வீட்டுக்கு ஈப்போவிலிருந்து மனைவியின் அண்ணன் வந்திருந்தார். இருவரும் பழைய எஸ்டேட் ஆட்கள். தூபா வேரை நசுக்கி ஓடையில் கலந்தால் மீன் மயங்கி மிதக்கும். சின்ன வயதில் தோட்டமே கூடி அப்படித்தான் மீன் பிடித்தது. என் வீட்டுப் பின்னால் அந்தக் கொடி இன்னும் இருந்தது.

"தூண்டில் எதுக்கு மச்சான்? வேரைத் தோண்டு லா," என்றார்.

கடலோரச் சதுப்புக்குப் போனோம். கடல் தண்ணீர் வற்றும் நேரம். வேரைச் சாக்கில் போட்டுக் கட்டையால் அடித்து, ஓடையில் அலசினோம். பால்போல ஓடியது. கொஞ்ச நேரத்தில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. நாங்கள் பிடித்தது சிலதான். மிச்சமெல்லாம் கடல் பக்கம் போயின.

அப்போது படகுச் சத்தம் கேட்டது. மீன்வள அதிகாரிகள். விஷம் கலந்து மீன் பிடிப்பது குற்றம் என்று எங்களுக்குத் தெரியும். சாக்கைக் கரையிலேயே போட்டுவிட்டு நீப்பா மரங்களுக்குப் பின்னால் ஒளிந்தோம்.

ஓடை வளைவில், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர் ஒருவர் மிதந்த மீன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பாவம், கறிக்கு. அதிகாரிகள் அவரைப் பிடித்து, எங்கள் சாக்கைக் காட்டி மலாயில் அதட்டினார்கள். மலாய் சரியாகப் புரியாத அவர், பையிலிருந்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் திரும்ப விட்டார். அப்படிச் செய்தால் அவை நீந்திப் போய்விடும் என்பதுபோல.

"வாயத் தொறக்காத மச்சான். வெளிநாட்டுக்காரன்தானே, பெர்மிட்ட புடுங்கி ஊருக்கு அனுப்பிடுவானுங்க. அவ்ளோதான்," என்று கிசுகிசுத்தார் மச்சான்.

அந்த 'அவ்ளோதான்' என்னைக் குத்தியது. நான் கூச்சக்காரன். கோயில் கூட்டத்தில்கூடப் பின்வரிசையில் நிற்பவன். எப்படி எழுந்து நடந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. அதிகாரிகளின் முன்னால் போய் நின்றேன். இரண்டு கைகளையும் நீட்டினேன். வேர்ப்பாலும் நாரும் விரல்களில் காய்ந்து ஒட்டியிருந்தன.

அவர்களில் ஒருவர் நம்மவர், இளவயது. என் கையை முகர்ந்து பார்த்தார்.

"நீங்களா அண்ணே?"

தலையாட்டினேன். அந்த மனிதரை அங்கேயே விட்டுவிட்டார்கள். பின்னால் மச்சானும் சேற்றை மிதித்துக்கொண்டு வந்தார்.

எங்களை ஏற்றிப் போன படகில் என் காதருகே, "உன் கல்யாணத்துலகூட நீ ரெண்டு வார்த்தை பேசல. இன்னிக்குத்தான் உனக்கு வீரம் வரணுமா?" என்று முணுமுணுத்தார். பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த அதிகாரி எங்களைத் திட்டவில்லை. வாளியில் அள்ளியதைக் காட்டினார். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள். "கொடுவாக் குஞ்சுண்ணே. கொஞ்சம் பெருசாகிற வரைக்கும் இந்த ஓடையிலதான் இருக்கும். அப்புறந்தான் கடலுக்குப் போகும்." எஸ்டேட் ஓடையில் இருந்த நினைப்பிலேயே இருந்துவிட்டேன். கடல் மீன்கள் இந்தத் தண்ணீரில்தான் வளரும் என்று யோசிக்கவே இல்லை.

அலுவலகத்தில் எனக்கு வாக்குமூலம் எழுத வரவில்லை. அவரே எழுதி, இரண்டு முறை தமிழில் சொல்லிக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினார். ஆனால் வழக்கைக் கைவிடவில்லை. "அது என் வேலைண்ணே," என்றார். நீதிமன்றத்தில் தண்டனையும் கிடைத்தது. அது சரிதான்.

தூபாக் கொடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டேன். அந்த வங்காளதேசத்துக்காரரை இப்போதும் கடைத்தெருவில் பார்ப்பதுண்டு. எங்களுக்குள் பொதுவான மொழி இல்லை. அவர் கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். தூக்கும்போதெல்லாம் ஒருமுறை உள்ளங்கையைப் பார்த்துக்கொள்கிறேன். அன்று அதை மறைத்து வைத்திருந்தால், அவர் முன்னால் இந்தக் கையை எப்படித் தூக்கியிருப்பேன்?

இதை ஒருவழியாக எழுதி முடித்தது, தைப்பூசத்துக்கு மறுநாள்.