லிஃப்ட் வைத்தியர் குடும்பத்தோடு கடல் பார்க்கக் கிளம்பியது

என் தங்கை வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் வைத்தியர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் வந்ததும் கருவிப் பையைத் திறக்கமாட்டார். மேலே மோட்டார் அறைக்குப் போய், மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். அப்புறம் கதவில் காதை வைப்பார். “மூச்சு வாங்குது”, “தொண்டை கட்டியிருக்கு”, “நேத்து யாரோ கட்டில் ஏத்தியிருக்காங்க, இடுப்பு பிடிச்சிருக்கு” என்பார். வாட்ச்மேனைக் கேட்டால், ஆமாம், மூணாம் மாடிக்குக் கட்டில் போச்சு என்பான். நான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன். இரும்பு அடித்தால்தான் பேசும் என்று நினைத்திருந்தேன். இவர் தொட்டாலே அது குடும்பக் கதை முழுவதும் சொல்கிறது.

கை சுத்தம். வேலை சுத்தம். வாய்தான் கேடு. தொழிலில் நடப்பதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் கொட்டுவார். நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள், ஏழு பேர் நாலாம் மாடிக்கும் அஞ்சாம் மாடிக்கும் நடுவில் ஒன்றேகால் மணி நேரம் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். அதில் ஒருவர் கையில் பிறந்தநாள் கேக் இருந்ததாம். இவர் கதவைத் திறந்தபோது கேக்கும் இல்லை, கோபமும் இல்லையாம், ஏழு பேரும் மீசையைத் துடைத்துக்கொண்டு நின்றார்களாம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவருடைய மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது ஏழு வயது. அன்றிலிருந்து அவள் லிஃப்டில் கால் வைப்பதில்லை. கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் படிதான். எட்டு மாடி ஏறி வந்து மூச்சிரைக்க நிற்பாளே தவிர, ஏறமாட்டாள். வைத்தியர் வீட்டுப் பிள்ளைக்கு மருந்தென்றால் வாந்தி என்று ஊரே கேலி செய்தது.

இதில் என் தங்கைக்கு முழங்கால் வலி. சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இஸ்திரி போடுகிறவள். எட்டு மாதமாக வியாழக்கிழமைதோறும் கிளினிக்கில் படுத்து முழங்காலுக்குச் சூட்டு ஒத்தடம் வைத்துக்கொள்கிறாள். அந்த அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறதாம். கடலோர நகரம். செங்குத்தான பாறை, அதன் தலையில் அடுக்கடுக்காக வெள்ளை வீடுகள், அடியில் வளைந்து கிடக்கும் மணல், மணலில் ஒரே ஒரு மஞ்சள் குடை.

“வாரா வாரம் இருபது நிமிஷம் அதையேதான் பாக்குறேண்ணா. அந்தக் கொடைக்குக் கீழ யாரு உக்காந்திருக்காங்கன்னே தெரியல. தெரிஞ்சே ஆகணும்” என்றாள் என்னிடம்.

பள்ளிக்கூட லீவு வந்தது. அந்த ஊருக்குத்தான் போவது என்று முடிவு செய்துவிட்டாள். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் அவள் பிடித்த முதல் பிடிவாதம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் அவர்கள் வீட்டு கேட்டின் கீல் உடைந்து கிடந்ததைச் சரி செய்யப் போயிருந்தேன். உள்ளே மேஜை மேல் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்குவதற்கு இடம் பார்த்தாயிற்று, பாறைக்கு மேலே, தரைத்தளத்து அறை. சின்னவன், ஆறு வயதுக்காரன், என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தான். அதில் பூனையும் இருந்தது.

எல்லாம் சரி, கடலுக்கு இறங்குவதில்தான் சிக்கல். வண்டிப் பாதை மண் சரிந்து மூடிக் கிடக்கிறது. மிச்சம் இருப்பது இரண்டே வழி: பாறையை ஒட்டி இருநூற்று எண்பத்தாறு படி, இல்லாவிட்டால் பாறையோரம் திறந்தவெளியில் நிற்கும் பழைய லிஃப்ட். தங்கையால் படி இறங்க முடியாது. மகள் லிஃப்டில் ஏறமாட்டாள்.

“நீயும் அப்பாவும் படில போங்க. நானும் தம்பியும் லிஃப்ட்ல வர்றோம். இதுல என்ன இருக்கு?” என்றாள் தங்கை.

“அம்மா, நீயும் அதுல போகக் கூடாது” என்றாள் பெண்.

வைத்தியர் சிரித்தார். “இவ்வளவுதானே? அந்த லிஃப்ட்ட பாத்துக்கிற ஆளையே கேட்டுடுவோம்.”

லிஃப்டுக்குக் கம்பிக் கயிறு விற்கிற வியாபாரியைப் பிடித்தால் எந்த ஊர் லிஃப்ட்காரனையும் பிடித்துவிடலாம் என்பது இவர்கள் தொழிலில் ஒரு வழக்கம். இரண்டே போனில் நம்பர் கிடைத்தது. பெண்ணுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் லிஃப்ட்காரர்கள் இருவர் பேசுவதை வெளியாட்கள் கேட்கலாமா என்று அவருக்குத் தோன்றவில்லை.

“அண்ணே வணக்கம். நம்ம ஆளுக்கு உடம்பு எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குண்ணே. போன மாசம்தான் பழைய கயித்தக் கழட்டினோம். நாலு இழை அறுந்து கிடந்துச்சு.”

“பேஷ்! பாத்துட்டீங்களே. பிரேக்கு?”

“லேசா இருமும். எதிர்க்காத்து அடிச்சா நடுவுல ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கும். அப்புறம் தானா கிளம்பிடும்.”

“தானா கிளம்பிடுமா? அடடா, தங்கமான வண்டிண்ணே!”

“முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவதான் ராத்திரி முழுக்க நின்னுச்சு.”

“ஒரே ஒரு தடவையா!” வைத்தியருக்குக் கண் கலங்கிவிட்டது. போனை வைத்துவிட்டு, ஜெயித்த மனுஷன் மாதிரி எங்களைப் பார்த்தார். அவர் தொழிலில் அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. வியாதி என்னவென்று தெரிந்த லிஃப்டைத்தான் அவர்கள் நம்புவார்கள், ஒன்றுமே இல்லை என்று சொன்னால்தான் சந்தேகப்படுவார்கள்.

பெண் எழுந்தாள். “நான் வரல. அம்மாவையும் விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தங்கை காகிதத்தை மடித்தாள். “உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டணும். இருமுமாம், யோசிக்குமாம். இதக் கேட்டா எனக்கே ஏறத் தோணல. புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் ரூம்காரர் இடத்தப் பிடிச்சு வெப்பாரு. அவ வரலைன்னா நானும் போகமாட்டேன். அவள விட்டுட்டு நான் எந்தக் கடலப் பாக்குறது?”

வைத்தியருக்கு எங்கே தப்பு நடந்தது என்றே புரியவில்லை. “மச்சான், நீங்க சொல்லுங்க. அந்த ஆளு சொன்னதுல என்ன குறை?” என்றார் என்னிடம்.

“மாப்ள, பொண்ணு பாக்க வந்த எடத்துல பொண்ணுக்கு எத்தன சொத்தப் பல்லுன்னு பெருமையா சொன்ன மாதிரி இருந்துச்சு” என்றேன்.

மறுநாள் கேட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போனேன். பெண் படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. “ஏண்டி, மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு பயப்படுற? கேக்குதான் தீந்துபோகும்” என்றேன்.

“எனக்கு ஒண்ணும் பயமில்ல மாமா. உள்ள இருக்கிறவங்கள எடுக்க ஆளு வரணும்ல? அந்த ஏழு பேருக்கு அப்பா போனாரு. அப்பாவே லிஃப்ட் மேல ஏறி வேலை பாக்கும்போது அது நடுவுல நின்னுட்டா யாரு போவா? அம்மா மாட்டிக்கிட்டா அந்த ஊர்ல யாரு வருவா? எவ்வளவு நேரத்துல வருவா? இத யாருமே சொல்லல.”

தினம் சாயங்காலம் அவள் வாசலிலேயே நின்று, “இன்னைக்கு எத்தன லிஃப்ட்?” என்று அப்பாவைக் கேட்பாள். வீட்டில் அதை விளையாட்டு என்று நினைத்திருந்தோம். நான் பிரஷ்ஷைப் பிடித்தபடியே நின்றேன். டப்பாவிலிருந்து பெயின்ட் என் செருப்பில் வழிந்தது.

“அப்ப அந்த ஆளையே கேளு. எனக்கென்ன தெரியும்” என்றேன்.

கேட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நோட்டில் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, அப்பாவின் போனை எடுத்து அவளே கூப்பிட்டாள். மொத்தம் பத்தொன்பது கேள்வி. ஸ்பீக்கரைப் போட்டாள், நாங்கள் சுற்றி நின்றோம். வைத்தியர் வாயைத் திறக்கப் போனபோதெல்லாம் தங்கை அவர் தொடையில் கிள்ளினாள்.

“அங்கிள், அது ஏன் நடுவுல நிக்குது?”

“காத்துல ஆடும் பாப்பா. ரொம்ப ஆடினா நின்னுடுற மாதிரி வெச்சிருக்கோம். நிக்காமப் போனாதான் நான் பயப்படுவேன்.”

“உங்க வீட்டுல யாராவது அதுல போறாங்களா?”

“என் சம்சாரம் கீழ தொப்பிக் கடை வெச்சிருக்கா. தினம் நாலு தடவ ஏறி எறங்குறா.”

“அவங்களுக்குப் பயம் இல்லையா?”

“அவளுக்கா? அவ ஏறினா லிஃப்ட்தான் பயப்படும்.”

இந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. பெண் எழுதிக்கொண்டிருந்தாள்.

“நின்னுடுச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“ஓடுவேன். பட்டறைலேருந்து மோட்டார் ரூமுக்கு அஞ்சு நிமிஷம்.”

“யாரு நேரம் பாத்தது?”

“யாரும் பாக்கல பாப்பா. ஒரு குத்துமதிப்புதான்.”

“இப்ப ஓடிப் பாக்குறீங்களா? நான் கடிகாரம் பாக்குறேன்.”

தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். முன்பின் தெரியாத மனுஷனை, அதுவும் ஐம்பது வயதாவது இருக்கும் ஆளை, ஓடு என்கிறாள். ஆனால் அந்த ஆளுக்கும் அது ஒரு மாதிரி ஆர்வமாகிவிட்டது போலிருக்கிறது. “சரி, மாட்டிக்கிச்சுன்னே வெச்சுக்கோ. ஓடுறேன்” என்றார்.

போன் அவர் சட்டைப் பையில். செருப்புச் சத்தம். கதவு அறையும் சத்தம். யாரோ “என்னண்ணே, தீயா?” என்று கேட்டார்கள். “தள்ளு தள்ளு, பரீட்சை!” என்றார். நாய் குரைத்தது. மூச்சு துருத்தி மாதிரி வந்தது. சின்னவன் மேஜை மேல் ஏறி நின்று கை தட்டினான். ஆறாவது நிமிஷம் சத்தம் நின்றது.

“வந்துட்டேன்!” என்றார். அப்புறம் மெதுவாக, “அய்யய்யோ” என்றார்.

“என்ன அங்கிள்?”

“சாவி... பட்டறைலயே ஆணில தொங்குது.”

வைத்தியர் என்னைப் பார்க்கவில்லை. தன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மோட்டார் அறைச் சாவியை இடுப்பில் கட்டாமல் வெளியே போவது அவர் தொழிலில் பெரிய பாவம், ஆனால் அதைச் செய்யாதவன் யாரும் இல்லை.

மறுபடி செருப்புச் சத்தம், அதே நாய். பூட்டு திறக்கிற சத்தம் வந்தபோது பெண் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினாள்.

“பதினாலு நிமிஷம், இருபது செகண்ட்.”

“மன்னிச்சுக்கோ பாப்பா” என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த மனுஷன். “இனிமே சாவி என் கழுத்துலதான். சத்தியம்.”

“பரவால்ல அங்கிள். அஞ்சுன்னு சொன்னது பொய்யுன்னு தெரிஞ்சுடுச்சு. பதினாலு உண்மை.” கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். “பதினாலு நிமிஷம் அம்மா கூட நின்னுடுவேன். தம்பிக்கு ஒரு கதை சொன்னா போதும்.”

தங்கை அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பெண் அதிலிருந்து நெளிந்து வெளியே வந்தாள். இன்னும் முடியவில்லை, ஒரு நிபந்தனை இருந்தது.

“அப்பா மட்டும் ஏறக் கூடாது.”

“நானா? ஏன்மா?”

“நீங்களும் உள்ள இருந்தா அந்த அங்கிளுக்கு யாரு ஒத்தாசை பண்றது? ரிப்பேர் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வெளிய இருக்கணும். நீங்க படில வாங்க.”

“இருநூத்தி எண்பத்தாறு படிடி!”

“நான் எட்டு மாடி ஏறல?” என்றாள் பெண்.

அவர் தலையாட்டினார். புதன்கிழமை மதியமே ரூம்காரருக்குச் சொல்லியாயிற்று. பூனையை எங்கள் வீட்டில் விட்டார்கள்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்குத் தங்கை போன் செய்தாள். நான் பட்டறையில் இருந்தேன், சரியாகக் கேட்கவில்லை. ஒரே காற்று. சின்னவன் எதையோ பார்த்து வீறிட்டுக்கொண்டிருந்தான். சந்தோஷ வீறல்தான்.

“அண்ணா, எறங்கிட்டோம்! கால் நனைச்சுட்டு நிக்கிறேன்!”

“லிஃப்ட்டு?”

“நிக்கவே இல்லண்ணா. ஒரே மூச்சுல வந்துடுச்சு. இவளுக்கு அதுல ஒரே வருத்தம். கடிகாரத்தக் கையில பிடிச்சுக்கிட்டே வந்தா. சாயங்காலம் காத்து அடிக்குமாம், அப்ப மறுபடி ஏறிப் பாக்கணுமாம். அந்த அங்கிள் மோட்டார் ரூமக் காட்டறேன்னு சொல்லியிருக்காரு, அதுக்கு வேற கேள்வி எழுதிட்டிருக்கா.”

“மாப்ள எங்க?”

தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். எட்டு மாதமாக அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

“தோ, பாறைல பாதிதான் வந்திருக்காரு. கைப்பிடிச் சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. கைய ஆட்டினா திருப்பி ஆட்டக்கூடத் தெம்பில்லண்ணா.”