சூடு போகாமல் யாழ்ப்பாணம் வரை

எங்கள் ஆஸ்பத்திரியில் பிறக்கும் பிள்ளைக்குப் பெரிய குறை ஏதும் இருந்தால் யாழ்ப்பாணத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். கூடப் போகிற சிற்றூழியன் நான். எத்தனை தரம் போய் வந்தேனோ, இப்போது முதுகு நோவுதான் மிச்சம்.

அன்று அனுப்ப இருந்தது முல்லைத்தீவுக் கடற்கரை மீனவர் ஒருவரின் மகளை. முதுகெலும்பு மூடாமல், நடுமுதுகு புண்போலத் திறந்து கிடந்தது. வார்ட்டு நர்ஸ் மிஸி அதன்மேல் சுத்தமான ஈரத்துணி வைத்து, பிளாஸ்ரிக் தாளால் மூடினார்.

"குளிர விடாதேங்கோ. உடம்பு குளிர்ந்தா அங்க தியேட்டருக்குள்ள எடுக்கமாட்டினம்."

முந்தி அனுப்பிய பிள்ளை வழியிலேயே குளிர்ந்துபோனது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது தகப்பன் என் கையைப் பிடித்தார். "அண்ணை, பாதர் வர நேரமில்லை. ஞானஸ்நானம் குடுக்காமக் கொண்டுபோகேலாது. அவசரத்துக்கு நானே ஊத்தலாம். நல்ல தண்ணி கொஞ்சம் தாங்கோ."

நான் சைவக்காரன். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். ஆகச் சுத்தமானது, எங்கள் அறைப் பிரிட்ஜில் கிடந்த கொதித்தாறிய தண்ணீர்தான். அந்தப் போத்தலையே கொடுத்தேன். பிள்ளையின் தலையில் மூன்று முறை, கைநிறைய ஊற்றினார். பிள்ளை வீரிட்டது, பிறகு சத்தம் குறைந்து, உதடு நீலமானது.

மிஸி ஓடிவந்து தலையைத் துடைத்தபடி என்னைத்தான் பிடித்தார். "ஏனண்ணை, ஐஸ் தண்ணியோ குடுத்தனியள்? மோட்சத்துக்கு ரிக்கெற் எடுத்தாச்சு. எனக்குப் பிள்ளை யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தாக் காணும்!"

வழியில் சூடு கொடுக்கிற பெட்டி ஒன்று இருந்தது, அதுவும் பழுது. தகப்பனின் சேட்டுப் பொத்தான்களைத் திறந்து, வெறும் நெஞ்சில் பிள்ளையைக் குப்புறப் போட்டு, தொப்பி மாட்டி, போர்வையால் சுற்றிக் கட்டினார் மிஸி. "இனி நீங்கள்தான் பெட்டி. ஆடாம இருங்கோ."

மாங்குளம் தாண்டும்வரை அந்த மனுசன் மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டார். நான் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி என் மடத்தனத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். பரந்தனுக்குக் கிட்டத்தான் பாதம் சூடேறியது.

யாழ்ப்பாணத்தில் டொக்டர் உடம்புச் சூடு பார்த்தார். "இந்தச் சூடு காணும், உள்ள எடுங்கோ."

பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார்கள். மத்தியான வெக்கையில் தகப்பன் போர்வையோடேயே நின்றார்.

"கழட்டுங்கோ தம்பி, வேர்த்து ஊத்துது."

"இல்லையண்ணை. திருப்பித் தரேக்க நெஞ்சு குளிர்ந்து கிடக்கக் கூடாது."

கால் கடுத்தது. அவர் உட்காராததால் நானும் நின்றேன்.